இருபத்தாறு தும்மல்கள்

மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான்
எங்கள் புத்தகப் பேருந்து பெர்லெவோக் போகும்,
மலைச்சாலை திறந்திருந்தால்.
இல்லாவிட்டால் ஆறு வாரம்.

சுன்னிவாவுக்குப் பதினொரு வயது.
பூட்ஸ் பனியை வாசலில் உதறிவிட்டு
கையுறையைப் பல்லால் கழற்றியபடி ஏறினாள்.
"சிரிக்கிற மாதிரி ஒன்று வேண்டும்.
போன தடவை எடுத்ததில் நாய் செத்துப்போச்சு."

நான்தான் கொடுத்தேன்.
'டிராகனுக்கு ஜலதோஷம்'. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள் என்று
பின்னட்டையில் யாரோ வாக்குக் கொடுத்திருந்தார்கள்.
முன்னட்டையில் டிராகன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.
உள்ளே நான் போகவில்லை.
அட்டையைப் பார்த்துச் சிரித்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் சூரியன் போய்விட்டது.
பதினோரு மணிக்குக் கொஞ்சம் நீலம்,
ஒரு மணிக்கு அதுவும் இல்லை.
அப்படி ஒரு நாளில் திருப்பித் தந்தாள்,
ரசீதோடு வந்தவளைப் போல.

"வயிறு வலிக்கவில்லை" என்றாள்.
"தும்மியது. சரி. முதல் தடவை சிரித்தேன்.
அப்புறம் மறுபடி தும்மியது.
இருபத்தாறு தடவை, ஆர்வித். எண்ணினேன்.
ஒவ்வொரு தடவையும் எழுதின ஆள்
கதையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்,
சிரித்தாயா, சிரித்தாயா என்று.
எனக்குப் பாவமாகிவிட்டது.
பாவமாகிவிட்டால் எப்படிச் சிரிக்கிறது?"

வேறொன்றும் எடுக்காமல் இறங்கிப் போனாள்.
அதுதான் உறுத்தியது.

திரும்பும் வழியில் காற்று.
தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டார்கள்.
பனி தள்ளும் வண்டி வந்து கூட்டிப்போகும்வரை
வரிசையில் நிற்க வேண்டும்.
வரிசை என்றால், முன்னால் ஒரு மீன் லாரி.
பின்னால் யாருமில்லை.
பிளாஸ்கில் அரைக் காப்பி.
எடுத்துப் படித்தேன்.

நமுத்த பட்டாசு.
திரி பிடிக்கிறது, காதைப் பொத்திக்கொள்கிறோம்,
பொத்திய காதோடு நின்றுகொண்டே இருக்கிறோம்.
ராஜாவின் பெயர் ஏப்பம் விடுவது போல இருக்கிறது.
சூனியக்காரியின் பூனைக்கு வாயுத் தொல்லை.
நாற்பது பக்கத்துக்குள்
அதற்குத் தும்மல், எனக்குக் கொட்டாவி.

நாற்பத்தொன்றில், ஓரத்தில், பென்சில்:
'இங்கே சிரிக்க வேண்டும் போல.'
நாற்பத்தேழில்: 'காத்திருக்கிறேன்.'
அறுபதில்: 'அம்மா சிரித்தாள். ஆனால் அம்மாவுக்குத் தூக்கம்.'
நூற்றெட்டில் மந்திரவாதி
ஐந்தாம் முறையாக வழுக்கி விழுந்த இடத்தில்:
'யாராவது இவருக்கு ஆணி வைத்த செருப்பு வாங்கிக் கொடுங்கள்.'

சிரித்த சிரிப்பில் முழங்கை ஹாரனில் பட்டது.
லாரிக்காரர் இறங்கி வந்து
ஜன்னலைத் தட்டினார், என்ன ஆச்சு என்று.
ஒன்றுமில்லை, புத்தகம் என்றேன்.
அப்படி நல்ல புத்தகமா என்றார்.
இல்லை என்றேன்.
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், பனியில்.

இருநூற்றுக்குப் பிறகு பென்சில் இல்லை.
குறை சொல்வதைக்கூட விட்டுவிட்டாள்.
வெறும் ஓரங்களைப் புரட்டிக்கொண்டு போனேன்,
கதையை அல்ல.

இருநூற்றுத் தொண்ணூறில் ஒரே ஒரு கோடு.
பாலத்தில் சுங்கம் வாங்கும் பூதம்
வேலை முடிந்து பாதி வழி போய்விடுகிறது.
விளக்கை அணைத்தோமா என்று சந்தேகம்.
திரும்பி வருகிறது. அணைத்துத்தான் இருக்கிறது.
மறுபடி நடக்கிறது.
இவ்வளவுதான். யாரும் தும்மவில்லை.
நாலே வரி; அடுத்த பக்கத்தில் டிராகன் வந்துவிடுகிறது.
கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில்:
'இது பிடித்தது. ஏன் என்று தெரியவில்லை.'

பென்சில் குறிகளை அழிக்க வேண்டும், விதி அப்படி.
ரப்பர் டிராயரில் இருந்தது.
நூற்றெட்டு வரை அழித்தேன்.
அப்போது தடுப்புக் கம்பி தூக்கியது,
லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு
மலை இறங்கினேன்.

ஜனவரியில் ஏறினாள்.
பல் கழற்றிய அதே கையுறை.
"அந்தப் பூதம் வேறு புத்தகத்தில் வருகிறதா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.
சொல்லிவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும்
ஆள் இல்லாத நேரம் பார்த்து
அலமாரியில் தேடுகிறேன்.